இருப்பவர்களையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் எந்த வேலையிலும் நிலைத்து நிற்பதில்லை என்று பலரும் சொல்கிறார்கள். ஒரே நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 11 வருஷமாக இருக்கிறேன். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆறு பேர் கொண்ட எங்கள் பிரிவிலிருந்து 18 மாதங்களில் ஐந்து பேர் விலகிவிட்டார்கள். சம்பளம் ஒரு காரணம், சரி. ஆனால் கிளம்பும் நேரத்தில் வேலையைத் தலையில் கட்டுவதும், தப்பு நடந்தால் எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்பதும், நன்றாகச் செய்ததை மேலாளர் தன் பெயரில் மேலிடத்துக்கு அனுப்புவதும்தான் அவர்களை விரட்டின.

ஆள் போனாலும் வேலை போவதில்லை, பக்கத்து மேஜைக்கு வந்துவிடுகிறது. போன மாதம் கணக்கு முடிக்கிற அன்று ஒரு எக்செல் கோப்பு திறக்கவில்லை. பாஸ்வேர்டு தெரிந்த ஒரே பையன் இரண்டு வாரத்துக்கு முன்புதான் விலகியிருந்தான். ராத்திரி ஒன்பதரைக்குக் கூப்பிட்டேன். புது வேலையில் சேர்ந்த அலுப்பிலும் சலித்துக்கொள்ளாமல் சொன்னான். அப்புறம், "அக்கா, இன்னும் ஆபீஸ்லயா இருக்கீங்க?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

புதிதாக வருபவர்களுக்காக வேலை முறையை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அது இப்போது நாலாவது ஆளின் கையில் இருக்கிறது, அட்டை பிய்ந்துவிட்டது. வேலை பிடிபடவே மூன்று மாதம் ஆகும். பிடிபட்ட கொஞ்ச நாளில் அவர்களும் ராஜினாமாக் கடிதத்தோடு நிற்கிறார்கள்.

1913-இல் அமெரிக்காவின் ஃபோர்டு கார் ஆலையில் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க, ஒரே வருஷத்தில் 52,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. தொழிலாளிக்குப் பொறுமை இல்லை என்று சொல்லி அந்த நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. நினைத்தபோது ஆளை வெளியே அனுப்பும் அதிகாரத்தை மேஸ்திரிகளிடமிருந்து எடுத்தது. 1914 ஜனவரியில் வேலை நேரத்தை 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைத்து, கூலியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது. விலகுவோர் எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது.

எங்கள் நிறுவனத்தில் விலகுகிறவரிடம் ஒரு படிவம் நீட்டி, ஏன் போகிறீர்கள் என்று கேட்கிறார்கள். அனுபவச் சான்றிதழ் பிரச்சினை இல்லாமல் கைக்கு வர வேண்டுமே! எல்லாரும் 'சொந்தக் காரணம்' என்றுதான் எழுதுகிறார்கள். இருக்கிற எங்களைக் கூப்பிட்டுக் கேட்கட்டும். யார் எதனால் போனார் என்று ஒவ்வொருவராகச் சொல்வோம். 11 வருஷத்தில் ஒருமுறைகூட அப்படி யாரும் கேட்டதில்லை.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர்