மாட்டுத்தாவணியில் அப்பாவைத் தூக்கி உட்கார வைத்த பூக்கார அக்காவுக்கு

போன செவ்வாய்க்கிழமை மதியம் மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் தூணோரமாக விழுந்து கிடந்த பெரியவர் என் அப்பா. குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று பலர் ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். "செஞ்ச வினை, அனுபவிக்கிறான்" என்று ஒருவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்கிறது. பதில் சொல்ல நாக்கு புரளவில்லையாம்.

அப்பாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. அன்று இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும். இன்னும் இறங்கினால் பேச்சு குழறும், நடை தள்ளாடும். பார்க்கக் குடித்த மாதிரியேதான் இருக்கும்.

அக்கா, நீங்கள் மட்டும்தான் பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கிட்டே வந்தீர்கள். நனைந்திருந்த சட்டையைத் தொட்டுப் பார்த்து, "ஐயா, சுகர் இருக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பா தலையசைத்ததும் டீக்கடையில் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வாங்கி வந்து, விழுங்க முடிகிறதா என்று முதலில் ஒரு வாய் கொடுத்துப் பார்த்து, அப்புறம்தான் மீதியைக் கொடுத்தீர்களாம். கால் மணி நேரத்தில் அவர் என் நம்பரைச் சொல்லிவிட்டார்.

உண்மையைச் சொல்கிறேன். அங்கே கிடந்தது வேறொருவராக இருந்திருந்தால் நானும் ஒதுங்கித்தான் போயிருப்பேன். அது இப்போதும் உறுத்துகிறது.

நான் வருவதற்குள் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். கடைக்காசுகூட உங்களுடையதுதான். அப்பா நன்றாக இருக்கிறார், சட்டைப்பையில் சர்க்கரைப் பொட்டலம் இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை. ரொம்ப நன்றி, அக்கா.