கூட்டத்துக்கு முன் படித்துவிடு

அன்புள்ள நண்பா,

நலம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். உன் கடிதம் வந்து நான்கு மாதமாகிறது. பதில் போடாதது தப்புதான், நேரில் பார்க்கும்போது திட்டித் தீர்த்துக்கொள்.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நம் நண்பன் 'பூதக்கண்ணாடி'. அவன் ஆய்வகத்தை மூடுகிறார்கள். நிதி கொடுத்தவர்கள் இந்த வருடத்தோடு நிறுத்திவிட்டார்கள். போன சனிக்கிழமை சாமான் கட்ட உதவிக்குப் போயிருந்தேன். மைனஸ் 80 டிகிரி ஃபிரீசரைத் திறந்தால் தட்டுத் தட்டாகக் குப்பிகள், ஒவ்வொரு மூடியிலும் எறும்பு ஊர்கிற மாதிரி அவன் எழுத்தில் தேதி. பதினொரு வருட உழைப்பு. சருகாகக் காய்ந்துபோன பாசி, தண்ணீர் பட்டதும் எப்படி உயிர் பிடித்து எழுகிறது என்பதுதான் அவன் கேள்வி. அன்றைக்கும் விடவில்லை, ஒரு தட்டில் நாலு சொட்டு விட்டு என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னான். முறுக்கிக் கிடந்த இலைகள் ஒவ்வொன்றாக விரிந்தன. அவன் முகத்தில் அந்தப் பழைய ராத்திரி மொட்டைமாடிச் சிரிப்பு. உனக்குத் தெரியுமே.

விண்ணப்பத்தில் 'இதனால் என்ன பயன்' என்று ஒரு கட்டம் இருந்ததாம். 'இப்போது தெரியாது' என்று நிரப்பியிருக்கிறான். கத்த வேண்டும் போல இருந்தது எனக்கு. ஆனால் அவன் எழுதியது உண்மைதானே?

உன் அறக்கட்டளைக் கூட்டத்திலும் இதே கேள்வி எழுந்ததாக எழுதியிருந்தாய். ஆராய்ச்சிக்குக் கொடுப்பதைவிட ஆஸ்பத்திரிக்குக் கட்டில் வாங்கித் தரலாம் என்கிறார்கள், ஒரே வரியில் பதில் சொல் என்று. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரியும் நீ இப்படித்தான் கேட்பாய். ஒரு வரியில் அடங்காதுடா.

1961 கோடையில் ஒசாமு ஷிமோமுரா என்ற ஜப்பானியர், அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஃபிரைடே ஹார்பர் என்ற இடத்தில் ஜெல்லிமீன் பிடித்துக்கொண்டிருந்தார். அது ஏன் ஒளிர்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். விளிம்பைக் கத்தரித்து, துணியில் போட்டுப் பிழிந்து, நாள் கணக்காக ஒன்றும் பிடிபடவில்லை. படகில் தனியாகப் போய் மிதந்தபடியே யோசிப்பாராம். ஒரு நாள் வேலை முடிந்து மிச்சச் சாற்றைச் சிங்க்கில் கொட்டியதும் சிங்க் முழுக்க நீலமாகப் பளீரிட்டது. மீன் தொட்டியிலிருந்து வழிந்த கடல்நீர் அங்கே வந்து விழுந்துகொண்டிருந்தது. கடல்நீரில் இருக்கும் கால்சியம்தான் ஒளியைத் தூண்டுகிறது என்று பிடித்துவிட்டார். ஜெல்லிமீனை ஒளிர வைக்கும் புரதத்தைப் பிரிக்கும்போது கூடவே கொஞ்சூண்டு இன்னொரு புரதம் வந்தது, பச்சையாக ஒளிர்வது. 1962-இல் எழுதிய கட்டுரையில் அதையும் குறித்து வைத்தார்.

முப்பது வருடம் அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1992-இல் டக்ளஸ் பிராஷர் என்பவர் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார். இன்று நரம்பு செல் வளர்வதையும் புற்றுநோய் செல் பரவுவதையும் உயிரோடு இருக்கும் உடலுக்குள்ளேயே பார்க்க முடிகிறதென்றால் செல்லை ஒளிர வைக்கும் அந்தப் பச்சைப் புரதத்தால்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவருக்கும் அதில் பங்கு உண்டு என்று அவர்களிடம் சொல்.

ஆனால் இந்தக் கதையை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடாதே. லாட்டரிச் சீட்டு விற்கிற மாதிரி ஆகிவிடும். நூறு பேர் இப்படித் தேடினால் பெரும்பாலோர் தேடியது ஒரு கட்டுரையோடு நின்றுவிடும். பயன் வரும் என்று வாக்குக் கொடுத்துப் பணம் வாங்கினால் அது பொய். அறிந்துகொள்வதே ஒரு காரியம் என்று நம்புகிறவன்தான் இதற்குக் கொடுக்க முடியும்.

பிராஷர் என்ன ஆனார் தெரியுமா? நிதி தீர்ந்துவிட்டது. மரபணுவை மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் என்ற இரண்டு விஞ்ஞானிகளுக்குக் கொடுத்துவிட்டு அந்த ஆய்வை விட்டார். 2008-இல் ஷிமோமுராவோடு அந்த இருவருக்கும் நோபல் பரிசு அறிவித்தபோது, அவர் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வாடிக்கையாளர்களுக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பரிசு பெற்றவர்கள் அவரை மறக்கவில்லை, தங்கள் செலவில் ஸ்டாக்ஹோமுக்கு அழைத்துப் போனார்கள். இருந்தாலும் எனக்கு ஆறவில்லை. இன்னும் ஐந்து வருடச் சம்பளம் மட்டும் கிடைத்திருந்தால்? சனிக்கிழமை பூதக்கண்ணாடி டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது இதுதான் மனதில் ஓடியது.

அரசுப் பணம் பெரிது, ஆனால் வருடா வருடம் கணக்குக் கேட்கும். கேட்கத்தான் வேண்டும், அது ஊர்ப்பணம். உன் அறக்கட்டளைப் பணம் சின்னது, ஆனால் அதனால் காத்திருக்க முடியும். அமெரிக்காவில் பெரிய கடை நடத்திய லூயி பாம்பர்கரும் அவர் தங்கை கரோலினும் முதலில் மருத்துவக் கல்லூரி கட்டத்தான் நினைத்தார்கள். ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்ற கல்வியாளர் பேசி மனதை மாற்றினார். 50 லட்சம் டாலரில் 1930-இல் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் பிறந்தது. பாடம் நடத்த வேண்டாம், பட்டம் கொடுக்க வேண்டாம், யோசித்தால் போதும். 1933-இல் ஐன்ஸ்டைன் அங்கே வந்து சேர்ந்தார்.

அதனால் கட்டடம் கட்டிப் பெயர்ப்பலகை மாட்டும் ஆசை யாருக்காவது இருந்தால் நீதான் தடுக்க வேண்டும். ஜேம்ஸ் லிக் என்ற கலிஃபோர்னியப் பணக்காரர் தனக்குப் பிரமிட் எழுப்ப நினைத்தவர். நல்லவர்கள் பேச்சைக் கேட்டுத் தொலைநோக்கிக்குக் கொடுத்தார், இன்று அதன் அடியிலேயே அடக்கமாகியிருக்கிறார். உங்களுக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். இரண்டு பேருக்கு ஏழெட்டு வருடச் சம்பளம் போதும். நடுவில் போய் 'எங்கே முடிவு' என்று கேட்காமல் இருக்க வேண்டும். இதுதான் கஷ்டம், உன்னால் முடியும்.

குப்பிகளை என் இடத்து ஃபிரீசரில் கீழ்த்தட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆறு மாதத்துக்கு இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன், அதற்கு மேல் தர மாட்டார்கள். கூட்டம் என்றைக்கு என்று உடனே எழுது. அவன் தானாக வந்து கேட்க மாட்டான். நான் அழைத்து வருகிறேன், ஒரு தட்டுப் பாசியோடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்