காது கேட்க வைத்தால் மட்டும் மொழி வந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் இம்பிளாண்ட் (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் வைக்கும் கேட்கும் கருவி) பொருத்தினார்கள் என்ற செய்தி அடிக்கடி வருகிறது. முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை கிடைப்பது பெரிய விஷயம், என் மகளும் அதில் பயன்பெற்றவள்தான். ஆனால் அதற்கு முன்னால் கழிந்த மாதங்களில் அந்தக் குழந்தையிடம் வீட்டில் எந்த மொழியில் பேசினார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டில் எந்த மொழியிலும் பேசவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஒரு வயதாகியும் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். 'அவ அப்பாவுக்கும் மூணு வயசுலதான் பேச்சு வந்துச்சு' என்றார் மாமியார். நாக்கில் வசம்பு தேய்த்தோம். பின்னால் நின்று தட்டைக் கீழே போட்டால் திரும்புவாள், அதனால் காது கேட்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டோம், தரையின் அதிர்வுக்குத்தான் திரும்பினாள் என்பது, ஒலி மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்த பிறகுதான் புரிந்தது. அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. பிறந்த 1 மாதத்துக்குள் முதல் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதி செய்வது, 6 மாதத்துக்குள் பயிற்சி என்பது பல நாடுகளில் மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. தூங்கும் குழந்தையின் காதில் சின்ன முனையை வைத்து எடுக்கும் ஓ.ஏ.இ. பரிசோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 'சைகை காட்டிப் பழக்காதீர்கள், சோம்பேறியாகிப் பேச்சே வராது' என்று ஓரிடத்தில் சொன்னார்கள். நம்பினோம். அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த காலம் முழுக்க அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டவள் நான்தான். வயிறு வலிக்கிறதா, பசியா, பயமா, எதையும் சொல்ல வழியில்லாமல் தலையைச் சுவரில் மோதிக்கொள்வாள்.

எங்கள் தெருத் தையல் கடையில் வேலை பார்க்கும் காது கேளாத ஒரு பெண்தான் எங்களைக் காப்பாற்றினார். பால், தண்ணீர், போதும், இன்னும், வலி என்று சைகையில் ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். சில வாரத்தில் ஓர் இரவு என்னை எழுப்பி 'வலி' என்று காட்டிக் காதைத் தொட்டாள் என் மகள். அவள் எனக்குச் சொன்ன முதல் செய்தி அது.

கதை படிப்பதையும் அவரிடம்தான் கற்றேன். மடியில் வைத்துப் படித்தால் அவளுக்கு என் முகம் தெரியாது. எதிரே உட்கார வேண்டும், முதலில் படத்தைப் பார்க்க விட்டு, அவளாக நிமிர்ந்து என்னைப் பார்க்கும்வரை காத்திருந்து, அதன் பிறகே சைகை காட்ட வேண்டும். சில நேரம் படத்தின் மேலேயே கையை வைத்துக் காட்டலாம். இப்படிப் படித்துப் படித்து, பால் பாக்கெட்டில் 'பால்' என்ற எழுத்தைப் பார்த்துவிட்டு அவளே சைகை காட்டினாள், அப்போது பேச்சு இன்னும் வரவில்லை.

இப்போது கருவி போட்டிருக்கிறாள், பேசவும் செய்கிறாள், கையால் அறிந்த சொற்களில் பலவற்றை வாயாலும் சொல்கிறாள். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கருவியின் வெளிப்பகுதியைக் கழற்றியாக வேண்டுமே, அப்போது எங்களுக்குச் சைகைதான்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே சைகை மொழி இருக்கிறது. டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மையத்தின் அகராதியில் 10,000க்கும் அதிகமான சொற்கள் இருக்கின்றன. ஆனால் காது கேட்கவில்லை என்று மருத்துவமனையில் சொல்லும் அந்த நாளில், அம்மா அப்பாவுக்குப் பத்துச் சொல்லாவது கற்றுத்தர ஆள் இல்லை. காது கேளாத குழந்தைகளுக்கான ஆரம்பநிலை பயிற்சி மையங்களில், காது கேளாத பெரியவர்களையே சம்பளம் கொடுத்து நியமித்து வீடுகளுக்கு அனுப்பலாமே. எங்கள் பக்கத்து அங்கன்வாடி அக்கா, பார்த்துப் பார்த்தே இருபது சொல் கற்றுக்கொண்டார்.

உங்கள் சிறுவர் பகுதியிலும் வாரம் ஒரு சைகைச் சொல்லைப் படத்தோடு போடுங்கள். முதல் வாரம் 'வலி' போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு தாய்,
திண்டுக்கல் மாவட்டம்