எண்டாவ்-ரொம்பின்: ஆற்றைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு பதிப்பில் எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்கா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். புவாயா சங்குட் அருவியின் படம் நன்றாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கோயில் குழுக்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர்களும் பேருந்து பிடித்து ஜொகூரில் உள்ள எங்கள் ஊரான கஹாங் பக்கம் வருவார்கள். வரட்டும். மலேசிய இயற்கைக் கழகம் 1985-86இல் நடத்திய அறிவியல் ஆய்வுப் பயணத்தால் நாட்டின் கவனத்துக்கு வந்து, 1993இல் ஜொகூர்ப் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காடு அது. நம் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டும். ஆனால் அங்குள்ள ஆறு எப்படி நடந்துகொள்ளும் என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அதைச் சொல்லாமல் குடும்பங்களை அருவிக்கு அழைப்பது சரியில்லை.

முதலில் பாதை. பேருந்து கஹாங்கோடு நின்றுவிடும். அங்கிருந்து கம்போங் பெத்தா நுழைவாயிலுக்கு ஏறத்தாழ 56 கிலோமீட்டர். செம்பனைத் தோட்டங்களுக்கு ஊடாகவும் காட்டை ஒட்டியும் போகும் மண்சாலை. ஃபோர்வீல் வண்டிதான் சரிப்படும். மழை பெய்தால் செம்மண் வழுக்கி, சாதாரண வேன் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் வாய்க்காலில் இறங்கிவிடும். பழக்குலை ஏற்றிய லோரிகள் வளைவுகளில் வேகமாக வரும், அதனால் பகலிலும் முன்விளக்கு எரியட்டும். எண்ணெயைக் கஹாங்கிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். வழியில் தொலைபேசித் தொடர்பை நம்ப முடியாது. போகிறவர்களின் பெயர்ப் பட்டியலையும் திரும்பும் நேரத்தையும் ஊரில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவது நல்லது.

அடுத்தது காலம். வடகிழக்குப் பருவமழையின்போது பூங்காவை மூடிவிடுவார்கள். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை அந்த மழையில்தான் வந்து விழுகிறது. மூடும் தேதியும் திறக்கும் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், முன்பணம் கட்டுவதற்கு முன் பூங்கா அலுவலகத்தில் கேட்டு, பெர்மிட்டையும் வழிகாட்டியையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். வழிகாட்டிகளில் பலர் அங்கேயே பிறந்து வளர்ந்த ஜாக்குன் பழங்குடி மக்கள். அவர்கள் "இன்று ஆற்றில் இறங்க வேண்டாம்" என்றால் அதற்கு மேல் பேச்சு வேண்டாம். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, காசு கட்டிவிட்டோமே என்று வாதாடுவதை நம்மவர்கள் விட்டுவிட வேண்டும்.

இனி முக்கியமான விஷயம், கெப்பாலா ஆயர், அதாவது மலையிலிருந்து ஆற்றில் திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளம். பருவமழைக் காலத்தில் போகாமல் இருந்தால் போதும், ஆபத்து இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். 2023 ஜூலை 1ஆம் தேதி, திரெங்கானு கெமாமானில், ஆற்றங்கரைக்கு உல்லாசமாகப் போன 10 பேரைக் கெப்பாலா ஆயர் அடித்துக்கொண்டு போனது. ஜூலை கிழக்குக் கரையின் பருவமழை மாதமே அல்ல. மலையில் பிற்பகல் இடிமழை எந்த மாதத்திலும் பெய்யும். மேலே குறுகிய, செங்குத்தான பள்ளத்தாக்கில் கொட்டும் மழை முழுவதும் ஒரே ஓடையில் வந்து சேரும். சில வேளை விழுந்த மரமும் கிளைகளும் ஓடையை அடைத்து, பின்னால் நீர் தேங்கி, அடைப்பு உடைந்ததும் மொத்தமாகப் பாயும். கீழே குளிப்பவர்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். பூங்காவில் உள்ள உப்பே கூலிங் என்ற சிற்றருவியில் குளிக்கிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். அது ஜாசின் ஆற்றில் இருக்கிறது, புவாயா சங்குட் அதே ஆற்றின் மேற்பகுதியில். அங்கே பெய்ததுதான் இங்கே வரும்.

அடையாளங்கள் உண்டு. தெளிந்த தண்ணீர் தே தாரிக், அதாவது பால் தேநீர், நிறத்துக்கு மாறும். இலை, சருகு, குச்சி திடீரென்று அதிகமாக மிதந்து வரும். ஆற்றின் சத்தம் கனக்கும். நீர் சட்டென்று குறைந்தாலும் நல்லதல்ல, மேலே அடைப்பு விழுந்திருக்கலாம். குளிக்க இறங்குவதற்கு முன் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, குளிக்காத ஒருவரைக் காவலுக்கு வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். நான்கு விரல்கிடை ஏறினாலே எல்லாரும் கரையேற வேண்டும். எதற்கும் காத்திருக்கக் கூடாது. ஆற்றோடு கீழே ஓடாமல், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். செருப்பு, கைப்பேசி, சோற்றுப் பாத்திரம் எதற்காகவும் திரும்பக் கூடாது. முகாமும் பாதையும் எந்தக் கரையில் இருக்கின்றனவோ அதே கரையில்தான் பாய் விரிக்க வேண்டும். நடு ஆற்றுப் பாறை உட்கார வசதியாக இருக்கும், நீர் ஏறினால் அங்கிருந்து வெளியேற வழியிருக்காது. குளியலைக் காலையிலேயே முடித்து, மதியத்துக்குள் கரையேறிவிடுவது எல்லாவற்றிலும் சிறந்தது.

உப்பே கூலிங்கில் பாறையைக் குடைந்து உண்டான குழிகள் இருக்கின்றன. சுழலும் நீர் கற்களை உருட்டி உருட்டி, எரிமலைப் பாறையை நெடுங்காலம் தேய்த்ததால் வந்தவை. பிள்ளைகள் அதற்குள் குதிக்க ஆசைப்படுவார்கள், விடாதீர்கள். ஆழம் மேலிருந்து தெரியாது, விளிம்பு வழவழவென்று இருக்கும், உள்ளே கால் சிக்கினால் மேலிருந்து வரும் நீரே ஆளை அமுக்கும். சுமார் 40 மீட்டர் உயரமுள்ள புவாயா சங்குட்டின் நேர்க் கீழே போவதும் வேண்டாம். அங்கே நீரில் காற்றுக் குமிழி கலந்திருப்பதால் உடம்பு சரியாக மிதக்காது, சுழல் மறுபடியும் அருவியின் அடிக்கே இழுக்கும். அந்த அருவிக்கு நடந்து போய் வர ஒரு நாள் முழுக்கத் தேவை. முழங்கால் வலி உள்ளவர்களும் சிறு பிள்ளைகளும் உப்பே கூலிங் வரை போனால் போதும்.

சேலை, துப்பட்டா, ஜீன்ஸ் போட்டுக்கொண்டு இறங்கக் கூடாது. நனைந்தால் கனக்கும், பாறை இடுக்கிலும் கிளையிலும் மாட்டும். உயிர்காப்பு உடையை அளவு பார்த்துப் போட்டு எல்லா வாரையும் இறுக்க வேண்டும். தோளைப் பிடித்துத் தூக்கும்போது காதுவரை ஏறினால் அது பெரியது. யாராவது மூழ்கினால் அடுத்தவர் குதிப்பதுதான் நம் வழக்கம், ஒரு சாவு இரண்டு சாவாக மாறுவது இப்படித்தான். ஐந்து லிட்டர் சமையல் எண்ணெய்ப் போத்தலில் நான்கு விரல் அளவு தண்ணீர் விட்டு, மூடியை இறுக்கி, 15 மீட்டர் கயிறு கட்டிக் கரையில் வைத்திருங்கள். உள்ளே இருக்கும் தண்ணீரின் எடையால் தூர வீச முடியும், ஆள் பிடித்துக்கொண்டால் மிதக்கவும் செய்யும். நீரோட்டத்தில் அடித்துப் போகிறவர் எழுந்து நிற்க முயலக் கூடாது, கால் கல்லிடுக்கில் சிக்கும். மல்லாந்து, கால்களை நீர் போகும் திசையில் நீட்டி, கரைப் பக்கம் கையை வீச வேண்டும்.

காலுக்குத் தோட்டத்தில் போடும் ரப்பர்ச் சப்பாத்து, அடிடாஸ் கம்போங் என்று சொல்வோமே, அதுவே நல்ல பிடிமானம் தரும். அட்டை கடித்தால் உப்போ நெருப்போ வைக்காதீர்கள், வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் கக்கும். நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பி எடுத்து, துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

கடைசியாக, சோறு. மிச்சம் வைத்த நாசி லெமாக் பொட்டலமும் பிரியாணியும் எலியை அழைக்கும், எலியின் சிறுநீர் ஆற்றில் கலக்கும், எலிக்காய்ச்சல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கொண்டுபோன குப்பை முழுவதும் கஹாங்குக்குத் திரும்பி வர வேண்டும். காலில் வெட்டோ புண்ணோ உள்ளவர்கள் ஆற்றில் இறங்க வேண்டாம். வீடு திரும்பிய பின் ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை வாங்கிப் போடாமல் உடனே மருத்துவரிடம் போய், ஆற்றில் குளித்ததை நீங்களாகவே சொல்லுங்கள். சொன்னால்தான் அதற்குரிய இரத்தப் பரிசோதனையைச் செய்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கஹாங், ஜொகூர்.