எட்டு நிமிடம் அதிகம்தான்

டுசல்டோர்ஃப்
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள பிள்ளைக்கு,

நீ மான்செஸ்டரில் இருந்து அனுப்பிய குரல் பதிவை நேற்றிரவே கேட்டுவிட்டேன். அம்மாவும் கேட்டாள். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டதில் பாதி விளங்கவில்லை, யாரோ மேசையில் தட்டியது மட்டும் வடிவாகக் கேட்டது. “இதுகள் சண்டை பிடிக்குதுகளோ?” என்று அம்மா பயந்துபோனாள். சண்டை இல்லை, இந்த ஊர் மின்னிசைக் குழு கிராஃப்ட்வெர்க் போட்டதிலேயே ஆக மோசமான பாட்டு எது என்று வாக்கெடுப்பு நடக்கிறது என்றேன். “பிடிச்சதைப் பற்றிக் கதைக்க ஆக்களுக்கு நேரமில்லை, பிடிக்காததுக்கு இரவிரவாக நேரமிருக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என்னையும் ஒரு வாக்குப் போடச் சொல்லியிருக்கிறாய். ரெலிபோனில் சொன்னால் நீ இடையில் புகுந்து சிரிப்பாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில் உன் சிநேகிதர்களுக்கு வருகிறேன். ‘நாக்ரிஷ்டன்’ என்று வாக்குப் போட்ட பெடியனின் வாக்குச் செல்லாது. அது 1975இல் வந்த ரேடியோ-ஆக்டிவிட்டேட் இசைத்தட்டில் பாட்டுகளுக்கு நடுவே வருகிற செய்தி வாசிப்பு. அதைப் பாட்டென்று இழுத்து வந்து குறை சொல்வது, கல்யாண வீட்டில் மைக் சோதிக்கிறவனுக்குக் குரல்வளம் இல்லை என்பது மாதிரி. அதே தட்டில் ஒரு நிமிடம் டிக் டிக் என்று அடிக்கிற ‘கைகர்-கவுண்டர்’ இருக்கிறதே, அதற்கும் யாராவது கை உயர்த்தினால் இதையே சொல்லு.

‘தாஸ் மொடல்’ என்று வாக்குப் போட்ட பிள்ளையின் கோபம் எனக்கு விளங்குகிறது. இந்த ஊரில் இருக்கிற எனக்கும் அது காது புளித்த பாட்டு. ஆனால் அதைப் பாட்டின் பிழையாகச் சொல்ல முடியுமா? 1978இல் வந்தபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1981இல் இங்கிலாந்தில் ‘கம்ப்யூட்டர் லவ்’ சிங்கிளின் பின்பக்கத்தில் போட்டார்கள். வானொலிக்காரர்கள் தட்டைப் புரட்டிப் போட, 1982 மாசியில் அது முதலாம் இடத்துக்குப் போனது. பின்பக்கத்தில் கிடந்ததைத் தூக்கித் தலையில் வைத்தது உங்கள் நாட்டுச் சனம்தான். இப்போது சலித்துவிட்டது என்றால் யார் என்ன செய்வது?

‘எக்ஸ்போ 2000’ என்றவன் ஓரளவு நியாயமானவன். 1986க்குப் பிறகு, 1999 கடைசியில் இது வரும் வரை, புதுப் பாட்டு என்று ஒன்றுகூட இல்லை. நடுவில் 1991இல் பழையதையே திருப்பி வாசித்த ஒரு தட்டு, அவ்வளவுதான். பதின்மூன்று வருடம் காத்திருந்தவனுக்கு ஹனோவர் கண்காட்சியின் விளம்பர மெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சில செக்கன் மெட்டுக்கு 400,000 மார்க் கொடுத்தது என்று இங்கே பத்திரிகைகளில் பெரிய பேச்சு. என்னுடன் வேலை செய்த துருக்கிக்காரர் ஒரு செக்கனுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அன்று முழுவதும் ஒருவரோடும் கதைக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டு எனக்குக் கெட்டதாகப் படவில்லை, சின்னதாகத்தான் பட்டது.

என் வாக்கு அதே 1986 தட்டு, எலெக்ட்ரிக் கஃபேயில் இரண்டாம் பக்கம் இரண்டாவதாக வருகிற பாட்டுக்கு. பெயரை மகளுக்கு எழுதுகிற கடிதத்தில் எழுதக் கூச்சமாக இருக்கிறது. உனக்குத் தெரியும். பெயருக்காகச் சொல்லவில்லை. மற்ற எந்தத் தட்டை எடுத்தாலும் அவர்களுடைய சத்தம் அவர்களுடையதாகவே இருக்கும். இதில் மட்டும் அந்த வருடம் வானொலியில் வந்த எல்லோருடைய பாஸ் கிட்டார்ச் சத்தமும் வந்து உட்கார்ந்திருக்கிறது. இன்னொருவனின் கோட்டைப் போட்டுக்கொண்டு படம் எடுக்கப் போன மாதிரி. அதன்மேல் எனக்கு வேறு ஒரு கோபமும் உண்டு. பிறகு சொல்கிறேன்.

இப்போது உன் வாக்கு. அதற்கு முந்தின பாட்டு, ‘டெலிஃபோன்-அன்ருஃப்’. எட்டு நிமிடம், ஒன்றுமே நடக்கவில்லை, பாடுகிறவருக்குக் குரல் இல்லை. இவைதானே உன் குற்றச்சாட்டு?

நான் 1985இல் வந்தது உனக்குத் தெரியும். மொஸ்கோ, கிழக்கு பெர்லின், அங்கிருந்து ரயிலில் மேற்கு பெர்லின், பிறகு இங்கே. அகதி வழக்கு நடந்துகொண்டிருந்தது, வேலை செய்ய அனுமதி இல்லாத காலம். ஹைமில், அதாவது அகதி விடுதியில், சும்மா இருந்தால் விசர் பிடிக்கும் என்று, பெரிய ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு உணவகத்தில் கள்ளமாகக் கோப்பை கழுவினேன். மின்ட்ரோப் வீதியால்தான் நடந்து போவேன். 16ஆம் இலக்கக் கட்டடத்துக்குள்தான் கிராஃப்ட்வெர்க்கின் கிளிங் கிளாங் கலையகம், அவர்கள் அங்கே இருந்துதான் இதையெல்லாம் செய்தார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கராஜ் மாதிரி ஒரு முற்றம்.

அந்தக் குசினியில் தலைமைச் சமையல்காரர் ஒருவர் இருந்தார். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உனக்குச் சொக்லேட் கொண்டுவருவாரே, அவர்தான். அவர் இந்த ஊர் ஆள், கிராஃப்ட்வெர்க்கின் முதல் மூன்று தட்டு மட்டும் போதும் என்கிறவர். சிவப்பும் வெள்ளையுமான வீதிக்கூம்பு படம் போட்ட 1970ஆம் ஆண்டுத் தட்டை இன்றைக்கும் யாரையும் தொடவிடமாட்டார். அதில் ஃப்ளோரியான் ஷ்னைடர் புல்லாங்குழல் வாசிக்கிறார். மெஷின்கள் வருவதற்கு முந்தின காலம். அவரோடு சேர்ந்து குழுவைத் தொடங்கிய ரால்ஃப் ஹுட்டர் அந்த மூன்றையும் தங்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, முறையாக மறுபதிப்புப் போடவும் விடவில்லை. 1974இல் வந்த அவுட்டோபான் தட்டில் இருந்துதான் தாங்கள் பிறந்ததாக அவருடைய நினைப்பு. சமையல்காரருக்கு இது தாங்காது. “பெற்ற பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள்” என்று வெங்காயம் வெட்டிக்கொண்டே திட்டுவார்.

திட்டினாலும் புதுத் தட்டு வந்தால் முதல் நாளே வாங்குவதும் அவர்தான். 1986 கடைசியில் எலெக்ட்ரிக் கஃபே கசெட்டைக் கொண்டுவந்து குசினியில் போட்டார். முதல் பாட்டு ‘போயிங் பூம் ச்சக்’. மனிதக் குரலாலேயே தாளம். மற்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது எங்கள் கொன்னக்கோல் அல்லவா! நான் சவர்க்காரக் கையோடு தா தி தொம் நம் சொல்லிக் காட்ட, அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அன்றுதான் நாங்கள் சிநேகிதரானோம். அதுவரை “ஏய், தட்டு” என்பதுதான் எங்கள் சம்பாஷணை.

அப்போது எங்கள் வீட்டில் ரெலிபோன் இல்லை. சந்திக் கடையில் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பின்னேரம் ஐந்து மணிக்கு அப்பம்மா போய் வாங்கில் இருப்பா. இங்கே குளிர்காலத்தில் மத்தியானம் பன்னிரண்டரை. நான் மஞ்சள் நிற ரெலிபோன் பெட்டிக்குள் ஐந்து மார்க் குற்றிகளை அடுக்கிவைத்துக்கொண்டு எடுப்பேன். எல்லா ஞாயிறும் கிடைக்காது. கிடைத்தாலும் மூன்று நிமிடம். அதில் ஒரு நிமிடம் “கேக்குதோ, கேக்குதோ” என்பதிலேயே போய்விடும்.

1987 ஐப்பசியில் யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கியது. கோடு கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. நான் ஞாயிறு வரை பொறுக்காமல் தினமும் எடுக்கத் தொடங்கினேன். இலக்கத்தைச் சுற்றுவேன், ஒரு இரைச்சல், பிறகு ஒரு பெண் குரல் இணைப்பு இல்லை என்று அமைதியாகச் சொல்லும். திரும்பவும் சுற்றுவேன். போட்ட குற்றிகள் எல்லாம் அப்படியே திரும்பக் கீழே விழும். அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் பிடிக்காது.

அந்த நாட்களில் ஒரு மாலை, குசினியில் அந்தக் கசெட்டின் இரண்டாம் பக்கத்தைப் போட்டார்கள். இலக்கம் அழுத்துகிற சத்தம், பிசி என்கிற சத்தம், அதே மாதிரி ஒரு பெண் குரல், அதே அமைதி. ஈரக்கையோடு போய் ரேப்பை நிறுத்திவிட்டு வந்து மிச்சக் கோப்பைகளைக் கழுவினேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதன்பிறகு சமையல்காரர் இரண்டாம் பக்கத்தைப் போடும்போதெல்லாம் முதலில் வேகமாக முன்னால் ஓட்டிவிடுவார். எட்டு நிமிடத்தை எவ்வளவு நேரம் ஓட்டினால் சரியாக முடியும் என்பது அவருடைய விரலுக்குப் பழகிவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஓட்டினால் வந்து விழுகிற இடம் எது? நான் பெயர் எழுதாத அந்தப் பாட்டு. அந்த மாரிகாலம் முழுக்க அதைத்தான் கேட்டேன். என் வாக்குக்கு இதுவும் ஒரு காரணம், மறைக்கவில்லை.

அப்பம்மாவின் கடிதம் 1988 தையில் ஒரு ஆளின் கையில் வந்தது. நல்லூர்க் கோயிலில் போய் இருந்தோம், எல்லாரும் சுகம், வேலியும் மாட்டுக்கொட்டிலும் போய்விட்டது என்று எழுதியிருந்தா. கடைக்காரரும் சுகமாம்.

குரல் இல்லை என்கிறாயே, அதைப் பாடியது கார்ல் பார்ட்டோஸ். தாள வாத்தியம் முறையாகப் படித்தவர். அந்தக் குழுவில் முன்னின்று பாடியது அந்த ஒரு பாட்டு மட்டும்தான். 1990இல் விலகிவிட்டார். நீ சொல்வது சரி, பாடகரின் குரல் இல்லை. ஆனால் நல்ல குரல் உள்ள ஒருவர் பாடியிருந்தால் அது ஒரு காதல் பாட்டாகப் போயிருக்கும். இது பெட்டிக்குள் நிற்கிறவனின் குரல். வெளியில் இன்னும் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள், சத்தமாகக் கதைக்க முடியாது. அந்த அளவுக்குத்தான் குரல் வரும்.

நீளம் பற்றி உன்னோடு வாதாட வரவில்லை. 2009இல் அந்தத் தட்டை டெக்னோ பொப் என்று பெயர் மாற்றி வெளியிட்டபோது அவர்களே அந்தப் பாட்டை நாலு நிமிடத்துக்குள் வெட்டிவிட்டார்கள். அடுத்ததாக ‘ஹவுஸ் ஃபோன்’ என்று அதே பாட்டின் உறவுக்காரர் ஒருவரைக் கொண்டுவந்து இருத்தினார்கள். அதாவது ஹுட்டரும் உன் கட்சி. இரண்டு செக்கன் தாளத்தை ஒருவர் கேட்காமல் எடுத்துவிட்டார் என்று வழக்குப் போட்டு, 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்கள் நாலு நிமிடத்தைத் தாங்களாகவே தூக்கி எறிந்திருக்கிறார்கள் என்றால் யோசித்துத்தான் செய்திருப்பார்கள். எட்டு நிமிடம் அதிகம்தான். ஆனால் நான் பழைய கசெட்டைத்தான் வைத்திருக்கிறேன்.

நீ சின்னதில் இதையெல்லாம் கேட்டு வளரவில்லை, நான் உனக்குப் போட்டது அவுட்டோபான் மட்டும்தான். ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போகும்போது கார் கதவு சாத்துகிற சத்தத்தோடு தொடங்கும். 22 நிமிடத்துப் பாட்டு முடிகிறபோது வூப்பர்டால் வந்ததா இல்லையா என்று நீயும் தம்பியும் பந்தயம் பிடிப்பீர்கள். அம்மா பின்னால் இருந்து, கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு சீர்காழியைப் போடக் கூடாதா என்பாள். திரும்பி வரும்போது சீர்காழி, அது எங்கள் ஒப்பந்தம். அந்த வயதில் உனக்கு அதில் ஒரு நிமிடம்கூட நீளமாகத் தெரியவில்லை. ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

நேற்று உன் பதிவைக் கேட்டபிறகு சமையல்காரரைப் பார்க்கப் போனேன். இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம். நெடுநாளாகப் போகவில்லை. 2020 வைகாசியில் ஃப்ளோரியான் செத்துப்போன செய்தி வந்த அன்று, கொரோனாவால் ஒருவரையொருவர் பார்க்க முடியாத நேரம், எனக்கு ரெலிபோன் எடுத்தார். ஒன்றும் கதைக்கவில்லை. ‘ருக்சுக்’ பாட்டைப் போட்டு ரிசீவரை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். புல்லாங்குழல் முடியும் வரை நானும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் வாக்கெடுப்பைப் பற்றி அவருக்கு இரண்டு தரம் சத்தமாகச் சொல்லி விளங்கப்படுத்தினேன். கனநேரம் யோசித்தார். பிறகு, “1974க்குப் பிறகு வந்தது எல்லாம்” என்றார்.

அதையும் ஒரு வாக்காகச் சேர்த்துக்கொள். அம்மா மிளகாய்த்தூள் வறுத்து வைத்திருக்கிறாள், வருகிற கிழமை அனுப்புகிறோம். குளிருக்குத் தலையை மூடு.

அன்புடன்,
அப்பா