கோஸ்ஃபோர்த் சிலுவையை நேரில் வந்து பார்

அன்புள்ள செல்லத்துக்கு,

கோஸ்ஃபோர்த் சிலுவையை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்திலேயே பார்த்துவிட்டேன், இனி அதற்காக வட இங்கிலாந்தில் கம்பிரியா வரை வரத் தேவையில்லை என்று போனில் சொன்னாயே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீ பார்த்தது 1882-இல் அச்செடுத்த பிளாஸ்டர் நகல். அசல் கல் இங்கே செயின்ட் மேரி சர்ச் கல்லறைத் தோட்டத்தில், மழையிலும் காற்றிலும் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக நிற்கிறது.

ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்த வைக்கிங்குகள் இங்கே குடியேறி கிறிஸ்தவத்துக்கு மாறிக்கொண்டிருந்த 10ஆம் நூற்றாண்டில் செய்தது. செம்மணற்கல், சுமார் 4.4 மீட்டர் உயரம், ஆனால் என்ன ஒல்லி! அடிப்பாகம் மரத்தண்டு போல உருண்டை, மேலே போகப்போக நாலு பட்டையாகிவிடும். கிழக்குப் பக்கத்தில் இயேசு கைகளை விரித்து நிற்கிறார், கீழே ஈட்டியோடு ஒரு வீரன், எதிரே ஸ்காண்டிநேவிய உடையில் ஒரு பெண். சுற்றி மேற்குப் பக்கம் வந்தால் வைக்கிங்குகளின் பழைய கதைகளில் வரும் சூழ்ச்சித் தெய்வம் லோகி கட்டுண்டு கிடக்கிறான், பாம்பின் விஷம் அவன்மேல் சொட்டாமல் மனைவி சிகின் கிண்ணம் ஏந்தியிருக்கிறாள். நிரம்பிய கிண்ணத்தைக் கொட்ட அவள் திரும்பும்போது விஷம் அவன்மேல் விழும், அவன் துடிப்பில் பூமியே அதிரும் என்பது கதை. பழைய தெய்வங்களின் உலகம் முடிந்து கிறிஸ்து வந்தார் என்று காட்டத்தான் இதெல்லாம் என்கிறார்கள். இருக்கலாம். ஆனாலும் கணவனை விட்டு நகராத அவளை அங்கே வைத்தவனுக்கு அந்தக் கதைமேல் வெறுப்பு இருந்திருக்காது என்றுதான் எனக்குப் படுகிறது.

இது தப்பியதே பெரிது. சர்ச்சுகளிலும் திறந்த வெளிகளிலும் உள்ள சிலுவைகளை விக்கிரக வழிபாடு என்று அகற்றச் சொல்லி 1643-இல் இங்கிலாந்து பாராளுமன்றம் சட்டம் போட்டது, அதற்கு முன்பே உடைபட்டவையும் உண்டு. அதனால்தான் எத்தனையோ ஊர்களில் வெறும் படிகளும் முறிந்த தண்டும் மட்டும் நிற்கின்றன. குளோஸ்டர்ஷையரில் ஆம்ப்னி குருசிஸ் ஊர்ச் சிலுவையின் தலைப்பகுதியை யாரோ சர்ச்சுக்குள்ளேயே சுவர் வைத்து மறைத்திருக்கிறார்கள், 19ஆம் நூற்றாண்டில்தான் அது கிடைத்து மறுபடி மேலே ஏறியது. அந்த யாரோவை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும்.

சரி, எப்போது வருகிறாய்? கல் தேய்ந்திருப்பதால் மூட்டமான நாளில் உருவங்கள் பிடிபடாது, சாய்ந்த வெயில் வேண்டும். காலையில் கிழக்குப் பக்கம் பார்ப்போம், அப்புறம் சர்ச்சுக்குள் இடித் தெய்வம் தோர் மீன்பிடிக்கும் சிற்பக்கல், சாயங்காலம் லோகி. முந்தின நாளே சீஸ்கேல் ஸ்டேஷனில் வந்து இறங்கு, அப்பா காரோடு நிற்பார்.

அம்மா