மன உறுதியும் மடங்கிய குழாயும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தலைக்காயம், தண்டுவடக் காயம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ‘மன உறுதி இருந்தால் எழுந்து நடக்கலாம்’ என்று முடித்திருந்தீர்கள். மிக்க நன்றி. தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். “அப்போ எனக்குத்தான் அது பத்தலை போல” என்றான்.

ஒரே விபத்தில் அவனுக்கு இரண்டு காயமும். தண்டுவடம் அடிபட்டது மார்புக்கு மேலே. ஓர் இரவு தலை வெடிக்கிற மாதிரி வலி. முகம் சிவந்து வியர்த்துக் கொட்டியது. வழக்கமாக 100-ஐத் தாண்டாத ரத்த அழுத்தம் 190-ல் நின்றது. பழைய தலைக்காயம் என்று கேட்டதுமே, மல்லாக்கப் படுக்க வைத்தபடி ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். தலையில் ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு செவிலியர் போர்வையை விலக்கினார். சிறுநீர்க் குழாய் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. நிமிர்த்திவிட்டதும் பை நிறைந்தது, வலி இறங்கியது. அவ்வளவு உயரத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்குச் சிறுநீர் அடைத்தால் அழுத்தம் இப்படித்தான் எகிறும், மூளையில் ரத்தம் கசியும் அளவுக்குக்கூடப் போகும். உங்கள் மருத்துவ நிருபருக்குத் தெரியாததா என்ன!

இது முதல் தடவையும் இல்லை. தசை இறுக்கத்துக்கு ஒரு மருத்துவர் பாக்லோஃபென் எழுதினார். ஆள் மந்தமாக இருக்கிறான் என்று தலைக்காயத்தைப் பார்த்தவர் ஒரே நாளில் நிறுத்தினார். படிப்படியாகக் குறைக்க வேண்டிய மாத்திரை அது. அன்று ராத்திரி அவன் கால்கள் வெட்டி இழுத்ததை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மருத்துவர்களும் ஒருவரோடொருவர் பேசியதே இல்லை. நடுவில் ஓடியது நானும் கோப்பும்தான். அப்புறம் படுக்கைப்புண். அது எந்தத் துறை என்று முடிவாவதற்குள் எலும்பு தெரிந்துவிட்டது.

இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் 1944-லேயே தண்டுவடம் அடிபட்டவர்களுக்கென்று தனிப் பிரிவு நடத்தினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதிலிருந்து, சிறுநீர்த் தொற்று, உடற்பயிற்சி, வேலைக்குத் திரும்புவது வரை எல்லாம் ஒரே கூரையின்கீழ். பாராலிம்பிக்ஸ் முளைத்ததும் அங்கேதான். அதை மட்டும் நாலு வருஷத்துக்கு ஒருமுறை வண்ணப் படத்தோடு போடுகிறீர்கள்.

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஓரமாக இரண்டு வரி போதும்: தண்டுவடம் அடிபட்டவருக்குத் திடீரென்று தலைவலியும் வியர்வையும் வந்தால், நிமிர்த்தி உட்கார வையுங்கள், குழாயைப் பாருங்கள், உடனே மருத்துவ உதவியை நாடுங்கள். கத்தரித்துக் கட்டிலுக்கு மேலே ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கோப்பு தூக்கும் ஒரு அண்ணன்